மையவாடியில் நான் தேடியது

அன்பு வாப்பாவுக்கு,

மையவாடி வாசலில், அங்கே அடங்கியிருப்பவர்களுக்குச் சொல்லும் அதே ஸலாத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். உங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு இப்போது மாமாதான் தண்ணீர் இறைக்கிறார். உம்மா உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில், வெளியில் இறங்காமல் இருக்கிறார். நான் கெம்பஸுக்குத் திரும்பிவிட்டேன். போன் கையில்தான் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

"அந்தச் சாமான வெச்சிட்டு ஒரு வாய் சோறு தின்னுங்க மகன்" என்பீர்கள். "ஓம் வாப்பா" என்பேன், வைக்க மாட்டேன். ஹோஸ்டல் அறையில் நாலு பேரும் இப்படித்தான். பரீட்சை மண்டப வாசலில் அதை ஒப்படைக்கச் சொன்னால், வினாத்தாளைவிட அதற்குத்தான் எங்களுக்குப் பயம்.

உங்களை அடக்கிய அன்று நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை. மூத்த மகன் என்று கப்றுக் குழிக்குள் இறங்கி உங்களை வாங்கி வைத்தேன். மேலே ஏறி, பலகை அடுக்கியானதும் மண் போடக் குனிந்தேன். சட்டைப் பையில் போன் இல்லை. குழிக்குள் விழுந்துவிட்டதோ? பலகை இடுக்கில் கண்ணை வைத்துத் தேடினேன். பிறகு உங்களுக்காகக் கேட்ட துஆவுக்கு எல்லாரும் கையேந்தி ஆமீன் சொன்னார்கள். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். "அழாதீங்க மகன். வாப்பாட ஹக்குல துஆக் கேளுங்க." பக்கத்தில் நின்றவர்கள், "வாப்பாவில எவ்வளவு பாசம் பாருங்க" என்றார்கள். நான் மறுக்கவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது, வாப்பா.

வாசலுக்கு வந்ததும் மாமா தன் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "கப்றுக்குள்ள எறங்கக்குள்ள நீங்கதானே என்ட கையில தந்த?" அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களை மண்ணுக்குள் விட்டுவந்த கையோடு, அந்த இடத்தில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு உங்களைப் பார்க்கக் கிளம்பினேன். பள்ளிவாசல் முடக்கு வரைக்கும்தான் வர முடிந்தது. கை வெறும் பையையே தடவியது. திரும்பிப் போய் அதை வாங்கிக்கொண்டேன். உம்மா ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள், இல்லையா?

வரும் வெள்ளி அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். வழியெல்லாம் பையைத் தடவிப் பார்ப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தலைமாட்டுக்கு வந்ததும் அந்தக் கையை ஏந்துவேன். அன்று கேட்காமல் விட்ட துஆவைக் கேட்டு முடிக்காமல் அங்கிருந்து அசைய மாட்டேன்.

பாசக்காரன் என்று ஊர் நம்பும்,
உங்கள் மூத்த மகன்