பின்கதவுக்கு மட்டும்

காஜியார் வீதி,
புதுச்சேரி.
நோன்பு இருபத்திரண்டு, திங்கள் பிற்பகல்.

அன்பு மகன் ஸாகிப்புக்கு அம்மா கனீஸ் பாத்திமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

குவைத்தில் சஹருக்கு எழுந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறாயா என்பதுதான் எனக்கு முதல் கவலை. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. தெருவில் எல்லோரும் நலம். அடுத்த வீட்டு உஸைர் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே கிளம்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். இந்த விஷயத்தை நீ கடைசி வரி வரைக்கும் கேட்க வேண்டும். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

பத்தாம் நோன்பன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பெருநாள் முடிந்ததும் மஹீராவைக் காரைக்காலில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். அந்தப் பழைய வண்டியையும் தள்ளிவிடுங்கள் என்றாய். உன் பெண்டாட்டியையும் உன் அத்தாவின் வண்டியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். மீதி என்று நீ சொன்னது என்ன என்பது புரியாத அளவுக்கு உன் அம்மா அப்பாவி இல்லை. இதுவரை நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருபதாம் நோன்பன்று பள்ளிவாசலில் நம் வீட்டுக் கஞ்சி என்பது உனக்குத் தெரியும். உன் அத்தா மௌத்தான பிறகும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இந்த வருஷம் பள்ளிவாசல் கொல்லையில் கஞ்சிக் கொட்டகையை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் முறைக்காரர்கள் வெளியில் காய்ச்சிக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். நம் தெருவில் ஏது இடம்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஹீராதான் அரியாங்குப்பத்துக்குப் போய்க் கலியபெருமாள் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். நம் வாடகைப் பாத்திரக் கடையில் உன் அத்தாவோடு இருபது வருஷம் இருந்த மனுஷர் அல்லவா, கேட்டதுமே கொல்லையைப் பெருக்கி மூன்று அடுப்பு போட்டுக் கொடுத்துவிட்டார். கடையை மூடின பிறகும் விற்காமல் வைத்திருந்த இரண்டு பெரிய தேக்சாப் பாத்திரங்களும் அன்றைக்குத்தான் வெளியே வந்தன.

சனிக்கிழமை காலையிலிருந்து அவள் அங்கேயே நின்றாள். கறியும் பருப்பும் அரிசியும் நல்ல பதம். உன் அத்தாவின் அந்த வேகன் காரில் பின் சீட்டை மடக்கிவிட்டு, தேக்சா இரண்டையும் நாலு பேர் பிடித்து ஏற்றி, ஆடாமல் சாக்கு வைத்துக் கயிறு கட்டினார்கள். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்ததாம். பள்ளிவாசல் வாசலில் அவள் கொண்டுவந்து நிறுத்தும்போது நோன்பு திறக்க நாற்பது நிமிஷம்தான் இருந்தது. நான் முன்னாலேயே ஆட்டோவில் போய்க் காத்திருந்தேன். தூக்குச்சட்டியோடு தெருமுனை வரைக்கும் வரிசை. நம்மவர்கள் மட்டுமா, பிள்ளைக்குக் காய்ச்சல், நோன்புக் கஞ்சி கொடுத்தால் இறங்கும் என்று வைத்திக்குப்பத்திலிருந்துகூட நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள்.

பின்கதவு திறக்கவில்லை.

கைப்பிடியை இழுத்தால் தொளதொளவென்று கையோடு வருகிறது, கதவு அசையவில்லை. வண்டியோடு வந்திருந்த கலியபெருமாள் அண்ணன் இழுத்தார். அவர் இழுத்து வராததை நான் இழுக்கிறேன் என்று ஆளாளுக்கு வந்தார்கள். ஒருவர் காலை பம்பரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். பக்கக் கதவு வழியாக எடுக்கலாம் என்றால், அந்த அகல தேக்சாவைச் சாய்க்காமல் எடுக்க முடியாது. சாய்த்தால் கஞ்சி ரோட்டுக்குத்தான். ஜமாஅத் ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று கல்லையே எடுத்துவிட்டார். உன் அத்தா பெயரில் இத்தனை வருஷம் நடந்தது, நான் உயிரோடு இருக்கும்போதே நின்றுபோகப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

மஹீரா அந்தக் கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிய உடைச்சா தூளு கஞ்சியில விழும் பாய், அப்புறம் யாரு வாயில வைக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவர் கல்லைக் கீழே போட்டார். தூள் விழும் என்று அங்கே ஒருத்தருக்கும் யோசனை போகவில்லை, எனக்கும்தான்.

பிறகு துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறிவிட்டாள். மேட்டுப்பாளையம் எஸ்டேட் தையல் கம்பெனியில் மெஷின் நின்றுபோனால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அது எப்போதும் பையில் இருக்கும். தேக்சாவுக்கும் வண்டியின் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். நம் குடும்பத்தில் அந்தச் சந்தில் நுழையக்கூடிய உடம்பு அவளுக்குத்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன், பள்ளிவாசல் வாசலில் இத்தனை ஆண்களுக்கு முன்னால் மருமகள் வண்டிக்குள் தவழ்கிறாளே என்று எனக்கு முதலில் மானம் போனது போலத்தான் இருந்தது. தோளில் இருந்த போர்வையை எடுத்து ஜன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவின் உள்பக்க அட்டையை அவள் நெம்பி எடுப்பது படக் படக் என்று கேட்டது. கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி கழன்று தொங்குகிறது, அதைக் கவ்வியிருந்த பிளாஸ்டிக் உடைந்துபோயிருக்கிறது என்று உள்ளேயிருந்து சொன்னாள். பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிப் பார்த்தாள், அது மசியவில்லை. அப்போது கலியபெருமாள் அண்ணனைக் கூப்பிட்டு, இழுக்காதீங்கண்ணே, எல்லாரும் சேந்து கதவ உள்ளாக்க அமுக்குங்க என்றாள். திறக்க வேண்டிய கதவை அமுக்கச் சொல்கிறாளே என்று அவர் முழித்தார். இன்னாம்மா சொல்றே, சாத்துறதுக்கா நிக்கிறோம் என்றார். கதவு வெளியே இழுபட இழுபட நாக்கு இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளுமாம். அமுக்கினால்தான் பிடி தளருமாம். மூன்று பேர் கையை வைத்து அமுக்கினார்கள். உள்ளே அவள் ஒரு நெம்பு நெம்பினாள். டக் என்றது. கதவு தானாக ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

வரிசையில் நின்ற பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றது இன்னும் என் காதில் இருக்கிறது. பாங்கு சொல்வதற்குள் கடைசித் தூக்குச்சட்டி வரைக்கும் ஊற்றி முடித்தோம். நோன்பு திறக்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை எடுக்கக் கையை நீட்டினாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கொப்புளம். கொதிக்கிற தேக்சாவில் கையைச் சாய்த்துக்கொண்டுதான் அத்தனை நேரமும் வேலை செய்திருக்கிறாள், நோன்போடு, ஒரு சத்தம் இல்லாமல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. படுத்திரு என்றேன், கேட்கவில்லை. வில்லியனூர் ரோட்டில் கடை கடையாக ஏறி விசாரித்தாள். இந்த வண்டிக்கு அந்தச் சின்ன பிளாஸ்டிக் தனியாகக் கிடைக்காதாம். போனால் போகிறது என்று சைக்கிள் கடையில் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்று வாங்கிவந்து, குறடால் வெட்டி வளைத்து, அதையே கொக்கியாக மாட்டிவிட்டாள். பூட்டைத் தனியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். பின்கதவைத் தாங்குகிற கம்பி இரண்டும் உயிரை விட்டு வருஷமாகிறது அல்லவா, அதனால் வேலை முடிகிற வரைக்கும் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான். முழங்காலைப் பற்றிக் கேட்காதே என்றேனே, காரணம் இதுதான்.

இனிமேல் எழுதப்போவதைக் கவனமாகப் படி.

பூட்டுக்குள் கறுப்பாகப் பிசின் மாதிரி அடைத்திருந்தது. அவள் அதை விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. உன் அத்தா ஒவ்வொரு ஜும்ஆ முடிந்து வந்ததும் சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து அந்தப் பூட்டில் இரண்டு சொட்டு விடுவாரே, அவர் போன பிறகு நானும் அதை விடாமல் செய்துவந்தேன். குப்பி தீர்ந்தபோது என்ன எண்ணெய் என்று யாரைக் கேட்பது? தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டேன். நாலு வருஷம். அது தூசியைப் பிடித்து இறுகி நாக்கை ஒட்டவைத்துவிட்டது. நாக்கு வராததால் இழுத்து இழுத்துக் கம்பியின் பிடி உடைந்தது. கஞ்சியை நிறுத்தப் பார்த்தது வண்டி இல்லை, நான்.

அந்த நேரம் பார்த்து கலியபெருமாள் அண்ணன் தேக்சாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே அந்தக் கல்லெடுத்த ஜமாஅத் ஆளும் வந்தார். எதனாலம்மா மாட்டிக்கிச்சு என்று அண்ணன் கேட்டார். மஹீரா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடல் காத்துண்ணே, இந்த ஊர்ல எந்த இரும்புதான் தப்பிக்கிது என்று சொல்லிவிட்டு, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

ஸாகிப், என் குற்றம் அவள் விரல் நுனியில் இருந்தது. நாலு பேருக்கு முன்னால் அதைத் துடைத்துவிட்டாள். அவள் குற்றம் என்று நான் நினைத்ததையெல்லாம் நான் என்ன செய்தேன்? வாரம் தவறாமல் போனில் உனக்குச் சொன்னேன். பொழுது சாய்ந்து வருகிறாள் என்றேன். வழியில் மருந்துக்கடையில் என் மாத்திரைக்காக நிற்பதால்தான் அந்தத் தாமதம் என்று சொல்லவில்லை. கையெல்லாம் கிரீஸ் என்றேன். அந்தக் கையால் எனக்குக் கால் பிடித்துவிடுவதைச் சொல்லவில்லை. ஆம்பிளை மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறாள் என்றேன். மாதம் இரண்டு முறை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அந்த வண்டியில்தான். மாமியார் வாய் அரித்தது, பேசிவிட்டேன். நீ அதை நம்பி இரண்டு மாதமாக அவளோடு பேசவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். நீயும் மன்னிக்க வேண்டும். அவளிடம் இதை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் கதவைச் சாத்தித் திறந்து காட்டினாள். ஒரு விரலால் தள்ளினால் போதும், புது வண்டியின் கதவு மாதிரி உட்காருகிறது. பிறகு உன் அத்தாவின் குப்பியைச் சுத்தமாகக் கழுவி, மெஷின் எண்ணெய் நிரப்பி, வெள்ளைக் காகிதம் ஒட்டி, 'பின்கதவுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவ்வளவு பெரிதாக எழுதினாள். அதை என் அலமாரியில் வைத்துவிட்டு, நான் இல்லாட்டியும் வாரத்துக்கு ரெண்டு சொட்டு விடுங்க மாமி, மறந்துடாதீங்க என்றாள்.

எங்கேம்மா போகப்போறே என்று கேட்டேன். எங்கயும் இல்ல, சும்மா சொன்னேன் என்று கை கழுவப் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழுவினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லவில்லை, நீயும் பேசவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இந்த வீட்டுக் கஞ்சிக்காகக் கையைச் சுட்டுக்கொண்டாள். போவதற்கு முன்னால் எனக்கு எண்ணெய் வரைக்கும் எடுத்து வைக்கிறாள். இப்படிப்பட்ட ஒரு மனுஷியை நான் எங்கே போய்த் தேடுவேன், நீதான் எங்கே தேடுவாய்?

நான் அவளை அனுப்பப்போவதில்லை. வண்டியையும் விற்கப்போவதில்லை. அவள் காரைக்கால் போவதாக இருந்தால், நீ லீவில் வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அவள் அம்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு இரண்டு பேருமாகத் திரும்பி வரவேண்டும். வேறு விதமாகப் போவதற்கு இந்த வீட்டில் வழி இல்லை.

உனக்குப் பெருநாள் எங்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடலாம். தொழுகை முடிந்து வந்ததும் எல்லா வருஷமும் போல முதலில் என்னைக் கூப்பிடுவாய். இந்த வருஷம் கூப்பிடாதே. என் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவேன். நான் அடுப்படியில்தான் இருப்பேன். கூடத்தில் அவள் போன் அடிப்பது எனக்கு நன்றாகக் கேட்கும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கேட்கிற காதையும் தரட்டும்.

துஆவுடன்,
உன் அம்மா,
கனீஸ் பாத்திமா ஹிதாயத்துல்லா