பதினெட்டாம் பக்கத்து நன்றி

ஓரிக்கை,
12.10.2003

கனடாவில் சைக்காலஜி படிக்கும் சுகாசினிக்கு உன் தாய்மாமன் டேனியல் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. உன் அம்மா பொன்னியம்மாள் கேட்டு எழுதச் சொன்னாள். அவள் கேட்டதாக வைத்துக்கொள்.

உன் படிப்பே எனக்கு முதலிலிருந்து பிடிக்கவில்லை. நாலு மாதம் காலேஜ், நாலு மாதம் எங்கேயாவது வேலை, மறுபடி நாலு மாதம் காலேஜ். இது என்ன படிப்பு? நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் அந்த எட்டையும் ஒரே மூச்சாகப் படித்தேன். நின்றபோது ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது போகட்டும். அங்கே ஏதோ காய்ச்சல் பரவி வேலை கொடுக்க ஆளில்லை, வேலை பார்க்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும் என்று நீ போனில் அழுதாயே, அப்போது யார் வேலை வாங்கிக் கொடுத்தது? எங்கள் முதலாளி தனசேகரனிடம் போய்க் கெஞ்சினேன் என்று நினைக்காதே. உத்தரவு போட்டேன். கனடா கவர்மெண்டே பட்டு வியாபாரம் கற்றுக்கொள்ள ஆள் அனுப்புகிறது, நம் கடையைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் எழுந்து நின்று கேட்டார்.

மே முதல் ஆகஸ்ட் வரை, கடையில் நான் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் மெத்தை ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாய். வாங்க வருகிறவர்கள் மனம் எப்படி மாறுகிறது என்று எழுதுவதாகச் சொன்னாய். நான் யாருக்கும் காட்டாத வித்தையெல்லாம் உனக்குக் காட்டினேன். இரண்டு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்றாவதை மடியிலேயே வைத்துக்கொண்டு, இது வேறு ஒருத்தருக்கு எடுத்து வைத்தது என்று சொன்னால் அதைத்தான் கேட்பார்கள். இதை எந்தப் புரொபசர் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்?

போன வாரம் உன் அறிக்கை கடைக்குத் தபாலில் வந்தது. முதலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நீ பார்த்த வேலை செல்லுமாம். தீபாவளிக் கூட்டம் நெரிகிறது, அப்புறம் பாக்கலாம்பா என்றார் முதலாளி. நான் விடவில்லை. பில் போடும் கிருஷ்ணவேணி இங்கிலீஷ் பி.ஏ. அவளை எழுப்பி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொல்லு என்றேன். மெத்தையில் பட்டம்மாள் மாமி உட்கார்ந்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அவருடைய மூன்று பெண்களுக்கும் முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுத்தது நான். வரதன் இல்லேன்னா நான் படியேற மாட்டேன் என்பார். கடையில் என் பெயர் வரதன். என்னை மெத்தையில் உட்காரவைத்த அன்று முதலாளியே வைத்த பெயர். மாமி, நம்ம பொண்ணு எழுதினது, இருந்து கேட்டுட்டுப் போங்க என்றேன்.

பதினேழு பக்கத்துக்கும் கடையே சிரித்தது. நான் சொல்லும் பொய்களை நம்பர் போட்டு எழுதியிருந்தாய். மந்திரி வீட்டுக்கு நெய்த புடவை என்று பதினோரு தடவை சொன்னேனாம். தப்பு. முப்பதுக்குக் குறையாது. முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இன்னாபா வரதா, உன்னையே பாடமா வெச்சிக்கினு இருக்காங்க போல இருக்குது என்றார். மாமிகூடச் சிரித்தார்.

பதினெட்டாம் பக்கம் நன்றி. அதை ஏன் எழுதினாய்? யார் கேட்டார்கள்? என் தாய்மாமன் டேனியல் ஓரிக்கை காலனியில் பிறந்தவர், அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், பத்தொன்பது வருடமாக வரதன் என்ற பெயரில் இந்த மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார், இந்த ஊரில் இவரைப் போல் விற்பவர் இல்லை, இவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இதுதானே நீ எழுதியது? கிருஷ்ணவேணி பாதியில் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் நிறுத்தவில்லை. சத்தமாகப் படி என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

மாமி திட்டவில்லை. மடியிலிருந்த புடவையை மெத்தையில் வைத்தார். வேற யாரையாவது எடுத்துக் காமிக்கச் சொல்லுங்கோ என்றார், முதலாளியைப் பார்த்து. முதலாளிக்கு அதில் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. நாலு பேர் நடுவில் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து நான் பின்கட்டில். புடவை மடித்துப் பெட்டியில் போடும் டிபார்ட்மெண்ட் முழுக்க இப்போது என் கையில். நான் மடிக்காமல் ஒரு புடவை வாசலைத் தாண்ட முடியாது. தனி ஃபேன். முன்னால் என் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாயே இல்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு இறங்கிப் போவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

பொண்ணு ஆசையாத்தானேடா எழுதினா, அதுவும் உள்ளதைத்தானே எழுதினா என்கிறாள் உன் அம்மா. உள்ளதை ஊருக்குச் சொல்ல நீ யார்? நாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் என் மனம் உனக்குத் தெரியவில்லை என்றால், அந்தச் சைக்காலஜியை மூட்டை கட்டிவிட்டு வேறு ஏதாவது படி.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கம் இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் முதலாளி. நேற்று அவர் கண் முன்னாலேயே அதைத் தனியாகக் கிழித்தெடுத்தேன். போட்டார். பதினேழு பக்கமும் கையெழுத்தும் இந்தக் கவரில் இருக்கின்றன. உன் நாலு மாதம் பிழைத்தது. என் மெத்தையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு கேட்டால் என் மதிப்பு என்ன ஆவது? ஆகவே நீ கேள். காலேஜ் பெயர் அச்சடித்த தாளில் முதலாளிக்கு எழுது. அந்தப் பக்கம் வேறு எங்கோ உள்ள ஆளைப் பற்றியது, கைத்தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று எழுது. பட்டம்மாள் மாமிக்குக் காட்டும்படியாக எழுது. தை முகூர்த்தங்களுக்குப் புடவை எடுக்க மார்கழிக்கு முன்பே வந்துவிடுவார்கள். அதற்குள் கடிதம் வந்தாக வேண்டும். பொய் எழுத வராது என்று மட்டும் சொல்லாதே.

கிழித்த தாளை அடுப்பில் போட்டுவிட்டதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே நம்பு.

அங்கே யாரும் எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்பதில்லை என்று சொல்வாயே. அப்படிக் கேட்காத ஊரிலேயே கர்த்தர் உன்னை நெடுங்காலம் வைக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

கோபம் தீராத உன் தாய்மாமன்,
அ. டேனியல்,
பட்டு விற்பனை நிபுணர்.