பாவாயி அக்கா காட்டின் வெப்பம்

15 மார்ச் 2002
மலையூர்களின் தொகுப்பான எடப்புளி நாட்டில் நான் மண் எடுக்கும் பதினொன்றாவது இடம், பாவாயி அக்காவின் மானாவாரிக் காடு. செயற்கைக்கோள் பத்தரை மணிக்கு மலையைக் கடக்கும். அதே நேரம் நான் தோண்டி மண் எடுத்து, டப்பாவில் மூடி, கல்லூரியில் எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். குறைகிற எடைதான் ஈரம். காய்ந்த மண் சூடாகும், அந்தச் சூட்டை மேலிருந்தே அளந்து ஈரத்தைச் சொல்லலாம் என்பது என் கட்சி.

இன்று மண் வெண்ணெய் மாதிரி வந்தது. முந்தின நாளே பஸ் கண்டக்டரிடம் தகவல் சொல்லியனுப்பியதால் எல்லோரும் காத்திருந்தார்கள். நல்ல நாள்.

19 ஏப்ரல்
மார்ச் பதினைந்தாம் தேதிப் படம் வந்தது. பாவாயி அக்கா காடு செக்கச்செவேல் என்று கொதிக்கிறது. என் டப்பாவிலோ ஈரம்! ஆறு இடங்களில் இதே கதை. என் ஆய்வு நெறியாளர் தேவராஜ் சார் படத்தை மடித்து வைத்தார். “மலைக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா. டிசம்பர் வரைக்கும் பார். பொருந்தலைன்னா அந்த அத்தியாயத்தைத் தூக்கிடு.”

இரண்டு வருட உழைப்பு. தூக்கணுமாம்ல! மாட்டேன்.

20 ஏப்ரல்
ஒருவேளை சார் சொல்வதுதான் சரியோ?

2 மே
மலையடிவாரத்துக் காரவள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆத்திரத்தில் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. அக்கா காட்டில் மண் தோண்டும் கம்பி இறங்கவே மாட்டேன் என்றது. அக்கா ஓடி வந்தார்.

“ஏங் கண்ணு, வாரேன்னு சொல்லியனுப்பக் கூடாதா? மண்ணு கல்லாட்டம் கெடக்குது. நேத்தே ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி வெச்சிருப்பேன்ல?”

“என்னங்கக்கா சொல்றீங்க?”

“போன தடவையும் ஊத்தித்தான வெச்சேன். பொம்பளப்புள்ள, கையி கொப்புளிச்சுப் போயிருமில்ல. அக்கம்பக்கத்துலயும் சொல்லி ஊத்தச் சொன்னேன்.”

அரை மைல் தள்ளி ஊற்று. இந்தக் கோடையில் அங்கிருந்து தலையில் சுமந்து, என் கை நோகக் கூடாதென்று... சிரித்தேன், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மார்ச் மாதத்தில் மண் எப்படி வெண்ணெயாகும் என்று யோசிக்காத மக்கு நான். நனைந்தது நான் தோண்டிய இடம் மட்டும், காடு முழுக்கக் காய்ந்துதான் கிடந்திருக்கிறது. செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை!

அக்காவிடம் விளக்கினேன். “அப்ப நாந்தான் கெடுத்தனா?” என்று முகம் வாடிவிட்டது. இல்லீங்கக்கா, இல்லவே இல்லை.

3 ஜூலை
முப்பது இடங்கள், சொல்லாமல் போய் எடுத்தவை. இருபத்தேழு பொருந்துகின்றன. எனக்குக் கால் தரையில் படவில்லை. சார் மட்டும், “காய்ஞ்சதைச் சொல்லிடுச்சு. நனைஞ்சதைச் சொல்லுமா?” என்றார். சொல்லும் சார். சொல்லவைக்கிறேன்.

ஆகஸ்ட் 11
மழை இல்லை.

24 நவம்பர்
அக்டோபர் ஒன்பதாம் தேதிப் படம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. அக்கா காடு குளிர்ந்து கிடக்கிறது. திருப்புலி நாட்டுப் பக்கம் இன்னும் சிவப்பு. மழை பெய்ததா என்று யாரையும் கேட்காமல் இன்று மலையேறினேன்.

“அக்கா, மகாளய அமாவாசை கழிச்சு மூணாம் நாள் காலையில உங்க காடு நனைஞ்சு கெடந்துச்சு. திருப்புலிப் பக்கம் மழையே இல்ல. சரிங்களா?”

அக்கா விரல்விட்டு எண்ணினார்.

“ஆமாங் கண்ணு! மொத நா ராத்திரி நல்ல மழை. வெடிஞ்சதும் கொள்ளு வெதச்சோம். திருப்புலில எங்கண்ணன் ஊடு, அங்க ஒரு சொட்டு இல்லீன்னு பொலம்புச்சு. அன்னிக்கு நீ இங்க இல்லியே, யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்கக்கா. நானே பாத்தேன்.”