போட்டோவுக்கு வந்த சாக்கடை மூடி

அன்புள்ள அக்கா, அம்மா அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டதால், நகராட்சிக் கூட்டம் நடக்கும் கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி எழுதுவேன். பிழைகள் என்னுடையவை, கோபம் அம்மாவுடையது.

மகளே, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே உன் அப்பாவின் காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம், கழிப்பறைக்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். போனில் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நம் வாசலில் திறந்து கிடந்த சாக்கடைக்கு ஒருநாள் காலையில் புது மூடி வந்தது. நம் வார்டு உறுப்பினர், எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பாரே, அந்த ஆகட்டும்தான், மூடிமேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அப்பா கைதட்டிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானமே அதைப் பெயர்த்து அடுத்த தெருப் போட்டோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் பார்த்த மூடியை நம்பி, தெருவிளக்கும் எரியாத மாலையில் அவர் கால் வைத்தார். கேட்கப் போனால், "மூடி போட்டாச்சே, போட்டோ இருக்கே" என்கிறார்கள். எடுத்துப் போனது யார் என்றால் பொறியாளர் காண்ட்ராக்டரைக் காட்டுகிறார், காண்ட்ராக்டர் ஆகட்டுமைக் காட்டுகிறார், அவர் வானத்தைக் காட்டுகிறார். பொதுமக்கள் கேள்வி கடைசியில்தானாம். ஒவ்வொரு கூட்டத்திலும் என் முறை வரும்போது நேரம் முடிந்துவிடுகிறது, டீ பிஸ்கட்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது. "உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு" என்றாய். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில்தான் இருக்கிறேன், என் வாசலில் கால் வைப்பது ஊர் வம்பா? மூடியும் வேண்டும், எடுத்தது யார் என்று எல்லார் முன்னாலும் பதிலும் வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இருட்டில் வெளியே போனால் டார்ச் எடுத்துப் போ, எந்த ஊர்ச் சாக்கடையையும் நம்பாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, அம்மா கையெழுத்துப் போடும்போதே தலைவர், "வேற ஒண்ணும் இல்லையே, முடிச்சுக்கலாம்" என்றார். அம்மா எழுந்து நின்று கேட்டேவிட்டார். "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்மா" என்றார் அவர். அம்மா உட்காரவில்லை. ஆகட்டும் காவலாளியிடம் கண்ணைக் காட்டினார். இப்போது தலைவரும் உறுப்பினர்களுமே வாசற்படி தெரியாமல் சுவரைத் தடவுகிறார்கள். "பார்த்துக் கால வைங்கய்யா, காலையில இருந்த படி இப்பவும் இருக்கான்னு" என்கிறார், இன்னும் நின்றுகொண்டிருக்கும் அம்மா. வரி கோணியிருந்தால் மன்னித்துக்கொள், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.