விருந்தாளிக்குக் கேட்டுவிடும்

13.10.2008, திங்கள்

குளிக்கிற சோப்பில் பல் பதிந்திருக்கிறது. நாலு கோடு. ராத்திரி எலி கொறித்துவிட்டுப் போன சோப்பைத்தான் காலையில் கண்ணை மூடிக்கொண்டு முகமெல்லாம் தேய்த்திருக்கிறேன். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் முகம் என் முகம் மாதிரி இல்லை.

மாமியிடம் போய், "மாமி, எலி சோப்பக் கடிச்சி வெச்சிருக்கு" என்றேன். என் மாமியார் அலிமாவுக்கு சோப்பு பெரிதில்லை. நான் பேரைச் சொன்னதுதான் பெரிது. "பேர சொல்லாத சாய்ரா. காதுல வுழுந்தா உஷாராயிடும்" என்றார். இந்த வீட்டில் எலிக்கு விருந்தாளி என்று பேர். பொறி வைப்பதையும் மருந்து வைப்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குக் கேட்டுவிடுமாம். வாலாஜாபாத்தில் எங்கள் அம்மாவும் இப்படிச் சொல்வதுண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கடித்த பக்கத்தைச் சீவிவிட்டு சோப்பை அதே மாடத்தில் வைத்தார் மாமி. தக்காளிக்கும் இதே வைத்தியம்தான். கடித்த பக்கம் குப்பைக்கு, மிச்சம் குழம்புக்கு. கீழே மளிகைக் கடை, மேலே வீடு. காலுக்கடியில் மூட்டை மூட்டையாய் அரிசியும் பருப்பும். பூனை வளர்க்கலாமே என்றால், கடையில் கருவாடு இருக்கிறதாம். எனக்கு இன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

15.10.2008, புதன்

என் தம்பி லுக்மான் சென்னையிலிருந்து சிடியில் போட்டுக் கொடுத்த கேம்தான் இப்போது எனக்கும் இவருக்கும், என் வீட்டுக்காரர் நவாஸுக்கும், பொழுதுபோக்கு. கடைக் கணக்குக்கென்று வாங்கின கம்ப்யூட்டர். கணக்கு இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது.

குள்ளர்கள் மலையைக் குடைந்து உள்ளே ஊர் கட்டுவார்கள். வெட்டு, கட்டு, விதை, சமை என்று நாம் உத்தரவு போட வேண்டும். படம் கிடையாது, எல்லாம் வெறும் எழுத்து. மத்தியானம் நான் ஆளுகிறேன். சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, சின்னத்தா கல்லாவில் இருக்கும் நேரத்தில், இவர் ஆளுகிறார். சின்னத்தா என்றால் இவருடைய சித்தப்பா சிராஜுதீன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்களுக்குக் கிடைத்த தனி வளை அந்தத் திரைதான்.

ஒரு குள்ளச்சிக்கு இவர் என் பேரை வைத்திருக்கிறார். அவள் குணத்தைத் திறந்து பார்த்தேன். "எலியைக் கண்டால் அருவருப்பவள்" என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வைத்தாராம்.

இவர் முறை வரும்போது கீபோர்டு பக்கத்தில் ஒரு தட்டு வைத்துவிடுவேன். முறுக்கோ, பொட்டுக்கடலையோ, வடையோ. கண் திரையில் இருக்கும், கை தானாகத் தட்டுக்குப் போகும். வைத்தேன் என்று நான் சொல்வதில்லை, வைத்தாயா என்று அவரும் கேட்பதில்லை.

18.10.2008, சனி

குள்ளர்களின் கிடங்குக்கும் எலி வந்துவிட்டது. திரையில் அது ஒரு சின்ன 'ஆர்', அவ்வளவுதான். ஆனால் பீப்பாய்க்குப் பின்னால் அந்த எழுத்து சுருக்கென்று நகர்ந்தபோது நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எழுத்துக்குப் போய் இப்படியா? ஆமாம், இப்படித்தான்.

22.10.2008, புதன்

கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவினேன். பொறி என் கட்டைவிரலைப் பிடித்தது. மாமி நேற்றே வைத்தாராம்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாமி?"

"சொன்னா வுழுமா?"

"நான் வுழுந்துட்டேனே."

மாமி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரல் நீலமாக வீங்கியிருக்கிறது. அந்தப் பொறிக் கம்பியில் பழைய மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை மூன்று தடவை கழுவிவிட்டேன்.

கேம் எவ்வளவோ மேல். பொறி வைத்தாலும் தெரியும், எலி விழுந்தாலும் தெரியும், குள்ளன் தும்மினாலும் தெரியும். திரைக்குக் கீழே வரி வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில்தான் ஒன்றும் தெரிவதில்லை.

27.10.2008, திங்கள்

தீபாவளி. பஜார் தெரு முழுக்க வெடி. அந்தச் சத்தத்துக்குப் பயந்து தெருவில் இருக்கிற விருந்தாளிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வயரைக் கடித்துச் செம்பு தெரிகிறது. மேசைக்குப் பின்னால் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினேன். உள்ளே கிழித்த பில் காகிதத்துக்கு நடுவில் ரோஸ் நிறத்தில், கண் திறக்காமல், விரல் விரலாக நெளிகிறது. ஆறோ ஏழோ. வாந்தி எடுத்துவிட்டேன்.

"வயர வேற கடிச்சிருக்கு மாமி" என்றேன். பேரைச் சொல்லவில்லை. மாமி உதட்டில் விரலை வைத்து, நான் பார்த்துக்கிறேன் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

3.11.2008, திங்கள்

இவர் வியாபாரிகளிடம் பூனை வாங்கி ஊருக்குள் விட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நான் கிடங்கைச் சுற்றிப் பொறி வைத்து, கதவு போட்டு எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன். பூனை எலியைப் பிடிக்கிறது, சரி. பிடித்ததைத் தின்று தொலைக்கிறதா என்றால் இல்லை. யாரை அதற்குப் பிடித்துப்போகிறதோ அவர் காலடியில் கொண்டுவந்து போடுகிறது. சொல்லிவைத்தாற்போல் எல்லாப் பூனைக்கும் சாய்ராவைப் பிடித்துப்போயிற்று. அவள் படுக்கையைச் சுற்றிச் செத்த எலி. அழுகின நாற்றம் அறையெல்லாம் ஊதா நிறத்தில் பரவுகிறது. அவள் வாந்தி எடுக்கிறாள், அதையும் கேம் ஒரு வரியில் சொல்கிறது.

"அது ஆசையாக் கொண்டாந்து குடுக்குது. வாங்கிக்கிறதுக்கு இன்னா?" என்கிறார் இவர். ஆசையாம்.

6.11.2008, வியாழன்

பூனைகள் குட்டி போட்டு முப்பதைத் தாண்டிவிட்டன. சோறு போடுகிற இடமெல்லாம் செத்த எலி மிச்சம். மத்தியானம் கரண்ட் வந்ததும் உட்கார்ந்து, எல்லாப் பூனையையும் கசாப்புக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் இவர் பார்த்தார். இத்தனை கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. கத்தவில்லை, அதுதான் கஷ்டம். "பூனைய அறுத்துட்டியா? பூனைய யாராவது கொல்லுவாங்களா சாய்ரா?"

"எழுத்துதானேங்க."

"எழுத்து எலியப் பாத்து வாந்தி எடுக்கறியே, எழுத்துப் பூனை மேல மட்டும் எரக்கம் வராதா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் கேட்டது நியாயம் என்று ஒத்துக்கொள்ள மனசில்லை.

8.11.2008, சனி

பேசவில்லை. தட்டும் வைக்கவில்லை. பசித்தால் கேட்கட்டும்.

10.11.2008, திங்கள்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. மாற்றுத்துணியோடு வந்த பையில் இந்த டைரியும் இருந்தது. எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மக்ரிப் முடிந்து இவர் மேலே வந்தார். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இவர் குரல், இரண்டு மூன்று நாளைக்கு அப்புறம், சிரிப்போடு.

"கோவம் தீந்துச்சா?"

நான் திரும்பவில்லை.

"வட வெச்சிருக்கியே, தீந்திருக்கும். இன்னாத்துக்கு இவ்ளோ பூண்டு?"

நான் வடை வைக்கவில்லை. "நான் வெக்கலீங்களே" என்றேன். சொல்லிக்கொண்டே திரும்பினேன். மாமி அறைவாசலில் நின்றிருந்தார். கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை கீழே விழுந்தது. என் பக்கத்தில் வந்து காதோடு காதாக, அந்த நேரத்திலும் காதோடு காதாக, "அது விருந்தாளிக்கு வெச்சதும்மா" என்றார்.

வயரைக் கடிக்கிறது என்று நான்தானே சொன்னேன். டீக்கடையில் வடை வாங்கி, உள்ளே எலி பேஸ்ட்டைத் தடவி, மேசைமேல் வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் கேட்டுவிடும் என்று சொல்லவில்லை. இவர் பாதி வடை தின்றிருந்தார். எஞ்சின பாதியைப் பிட்டுப் பார்த்தேன், உள்ளே பருப்புக்கு நடுவில் பசை. அந்தப் பூண்டு நாற்றம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

வண்டி பிடித்து வருகிற வழியெல்லாம் வாந்தி. மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார். "இப்ப நல்லாத்தான் தெரிவாரு. மூணு நாலு நாள் போனாத்தான் ஈரல்ல காட்டும்."

நான் வெச்சதுன்னு நெனச்சித்தானே தின்னாரு. நான் சமாதானமா வந்துட்டேன்னு நெனச்சித்தானே. அல்லாவே, ஒரு முறுக்கையாவது வெச்சிருக்கலாமே நான்.

11.11.2008, செவ்வாய்

இவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஊருக்குப் போகலாமா என்கிறார். ஈரலைப் பற்றி நான் சொல்லவில்லை. பார், நானும் காதுக்குப் பயந்து சொல்லாமல் விடுகிறேன்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, "வூட்ல எதுனா தகராறா?" என்று என்னைத்தான் கேட்டார். விஷம் என்றாலே கேட்பார்களாம். அவர் போனதும் சின்னத்தா ஆரம்பித்தார்.

"ரெண்டு மூணு நாளா புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கலன்னு கேள்விப்பட்டேன். வடைய வெச்சது யாரும்மா?"

என் பக்கத்தில்தான் மாமி உட்கார்ந்திருந்தார், தோளோடு தோள் இடிக்க. தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்பில் பல்தடம், பெட்டியில் குஞ்சு, அழுகின எலி - இதையெல்லாம் அருவருப்பு என்று எழுதி வைத்தேனே. இன்று அந்தப் பெஞ்சில் மாமியின் தோள் என் தோளில் படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து தள்ளி நின்றுகொண்டேன்.

12.11.2008, புதன்

இவர் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கால்மணிக்கொரு தரம் இமையை இழுத்துப் பார்க்கிறேன், "மாட்டுச் சந்தையா?" என்கிறார்.

13.11.2008, வியாழன்

மஞ்சள். கண் ஓரத்தில் மஞ்சள். ரத்தத்திலும் மஞ்சள் ஏறிவிட்டது என்கிறார் டாக்டர். இவர் இன்று ஒன்றும் வேடிக்கையாகப் பேசவில்லை. எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது என்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்தச் சோப்பு, அந்தத் தக்காளி, அந்த எலிகளோடேயே எவ்வளவு நாளானாலும் கிடக்கிறேன், இவரை மட்டும் கொடுத்துவிடு.

14.11.2008, வெள்ளி

இவருடைய பெரியம்மா வீட்டு ஆட்கள் எல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். சின்னத்தா அவர்களிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அப்போது மாமி எழுந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான்தான் வெச்சேன். எலிக்கு வெச்சேன். யார்கிட்டயும் சொல்லாம நான்தான் வெச்சேன். எம்மருமவள ஒருத்தரும் பாக்காதீங்க. பாக்கறதுன்னா என்னப் பாருங்க."

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். சின்னத்தா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலி என்ற வார்த்தையை மாமி வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. இவர் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினார். மாமி பிடித்துக்கொண்டார்.

மூன்று நாள் ஏன் பொறுத்தார்? அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் பெஞ்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

17.11.2008, திங்கள்

மஞ்சள் இறங்குகிறதாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் இட்லி கேட்டார்.

21.11.2008, வெள்ளி

வீடு. எண்ணெய் கூடாது, ஓடியாடக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். படியேற இவருக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் அதே நாற்றம், மூத்திரமும் பழைய சாக்கும் கலந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேதான் உள்ளே வந்தேன்.

23.11.2008, ஞாயிறு

"குள்ளனுங்க இன்னா ஆனானுங்கன்னு பாரு" என்றார் இவர், படுத்துக்கொண்டே. கிடங்கு முழுக்க எலி, நாலைந்து பேர் பட்டினி. ஒருவன் பசி தாங்காமல் எலியைப் பிடித்துத் தின்றான், அதையும் கேம் கூச்சமில்லாமல் எழுதிக் காட்டியது. வியாபாரிகள் வந்திருந்தார்கள். நானே இரண்டு பூனை வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் சாய்ரா காலடியில் ஒரு செத்த எலி. குமட்டத்தான் செய்கிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கீபோர்டு பக்கத்தில் வேகவைத்த ஆப்பிள் துண்டு. "நான்தான் வெச்சேன்" என்று சொல்லித்தான் வைத்தேன். இனி எல்லாவற்றையும் சொல்லித்தான் வைப்பேன்.

3.12.2008, புதன்

புயல் மழை விட்டு நாலைந்து நாளாகிறது. ஏரிப் பக்கத்து வளையெல்லாம் தண்ணீர் புகுந்து, அங்கே இருந்ததும் இங்கே வந்துவிட்டது போலிருக்கிறது. நேற்று பருப்பு மூட்டையில் புதுசாக ஓட்டை.

நேற்று சாயங்காலம் மாமி மாடிப்படி உச்சியில் நின்றார். பாங்கு சொல்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில எலிப்பொறி வெச்சிருக்கேன். தேங்காத் துண்டு மாட்டி கீது. மருந்து கிருந்து ஒன்னும் இல்ல. நவாஸு, கேட்டுச்சா?"

"கேட்டுச்சிம்மா."

"சாய்ரா?"

"கேட்டுச்சி மாமி."

"கேட்டுச்சி அண்ணி" என்றார் கீழே கல்லாவிலிருந்து சின்னத்தா. பருப்பு வாங்க வந்த யாரோ, "எங்களுக்கும் கேட்டுச்சிங்க" என்றார்கள்.

காலையில் குனிந்து பார்த்தேன். பொறி காலி. தேங்காய்த் துண்டு வைத்தபடி இருக்கிறது. அதற்கும் கேட்டிருக்கும். மாமியிடம் சொன்னேன். "போனாப் போவுது போ" என்றார்.

சோப்பில் நாலு கோடு. சீவிவிட்டுக் குளித்தேன்.