முகத்துவாரம் திறந்த நாட்களின் பிழை

இன்று காலை முகத்துவாரம் திறந்துவிட்டது, சார். மணல் அடைத்திருந்த ஏரியின் வாயை வெள்ளம் உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. நாளைக்கு எத்தனை ஐஸ் கட்டி என்று மதியத்துக்குள் ஐஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். கணித்துச் சொல்ல நீங்கள் இல்லை. உங்கள் வீட்டம்மா கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டிதான் என் மேசையில் இருக்கிறது. திறந்தால் உங்கள் மூக்குப்பொடி வாசனை.

ஏரி மீனைக் கணக்கெடுக்கும் உத்தியோகம் உங்களுக்கு. தண்ணீரின் உப்பை அளந்து, வரைதாளில் இழுத்த கோட்டில் வைத்துப் பார்த்து, "நாளைக்கு நாப்பது கூடை இறால், பாய்" என்பீர்கள். கரையில் இறால் வாங்கி விற்கிற நான், கூடைக்கு ஒரு கட்டி என்று ஐஸ் எடுப்பேன். ஒரு நாள் ஐஸ் மீந்து கரையும். மறுநாள் பத்தாமல் இறால் தலை கறுக்கும்.

ஒரு வருஷம் சுண்ணாம்புக்குளத்து மீனவர்கள் என் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். "இன்னொரு வாட்டி நாறுச்சுன்னா வேற வியாபாரி கிட்ட போட்டுக்கறோம் பாய்." நேராக உங்களிடம் வந்தேன். கணக்குத் தாளை நீட்டினீர்கள்.

"சராசரிப் பிழை சைபர் பாய். ஒரு நாள் பத்து கூட, ஒரு நாள் பத்து கம்மி. சரியாப் பூடுச்சு."

"இன்னிக்கு மீந்த ஐஸை நேத்து நாறுன இறால் மேல கொட்டினா சரியாப் பூடுமா சார்?"

கூட்டல் கழித்தல் குறிகளை அடித்துவிட்டு, எவ்வளவு தள்ளிப்போனது என்பதை மட்டும் திரும்பக் கூட்டினீர்கள். சராசரியாக நாளுக்கு ஒன்பது கூடை தப்பு. "மானத்த வாங்கிட்டீங்களே பாய்" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியில் இருக்கும் அட்டைகள். நாளுக்கு ஒன்று, நீங்கள் சொன்ன கூடை, வந்த கூடை. ஓரத்தில் ஓட்டைகள்: அமாவாசைக்கு ஒன்று, முகத்துவாரம் திறந்த நாளுக்கு ஒன்று. அந்த நாளாக இருந்தால் ஓட்டையை விளிம்புவரை வெட்டிவிடுவீர்கள். அட்டைகளை அடுக்கி அந்த ஓட்டையில் கம்பியைச் செருகித் தூக்கினால் வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். "என்னை நம்பாதீங்க, பெட்டியக் கேளுங்க."

இன்று கேட்டேன். முகத்துவார ஓட்டையில் ஏழு விழுந்தன. இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஏழிலும் குறைத்தே சொல்லியிருக்கிறீர்கள். மிக மோசமானதில் பதினைந்து கூடை குறைவு. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சார்.

இன்றைய உப்புக்கு உங்கள் கோடு முப்பது என்கிறது. கோடு எந்தப் பக்கம் தப்பும் என்று பார்க்கிற புத்தி உங்களால் வந்தது; அதை வைத்துத்தான் இன்னும் பிழைக்கிறேன். ஐஸ் கம்பெனிக்காரரிடம் பேசி முடித்துவிட்டேன். நாற்பத்தைந்து கட்டி, கட்டி பன்னிரண்டு ரூபாய், படகு வருமுன் கரையில் இறக்க வேண்டும், மீந்தால் நஷ்டம் என்னுடையது.