கடைக்கு உன் முகம் வேணுமாம்

ஓமம் வறுத்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த வாசனைக்கு உன் ஞாபகம் வருவது வழக்கம்தான். இன்றைக்குக் கூடவே கோபமும் வருகிறது. யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை, நீதான் அகப்பட்டாய்.

போன மாதம் உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆமாம், உனக்குத்தான். நம் இணையக் கடையில் பணம் கட்டுவதற்கு ஒரு பச்சைப் பட்டன் வைத்தாயே, அதை எடுக்கப் போகிறார்களாம். புது முறை வருகிறதாம். மாதக் கடைசிக்குள் மாறாவிட்டால் கடையில் யாரும் பணம் கட்ட முடியாதாம். உன் முழுப் பெயரையும் போட்டு, நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம் என்று வேறு எழுதியிருந்தார்கள். "நல்லாத்தான் இருக்கா, போங்கடா" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் அழுதேன்.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று உனக்குத் தெரியும். "வறுக்கிறது நீ, தட்டுறது நான்" என்று முதல் நாளே பிரித்துக்கொண்டவள் நீதானே. காப்பாரில் உன் வீட்டுப் பின்கட்டு அடுப்பில் நான் மிளகும் ஓமமும் வறுப்பேன். நீ பக்கத்தில் நாற்காலி போட்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "தீய்ச்சிடாதடி, தீய்ச்சிடாதடி" என்று தலைநிமிராமலேயே கத்துவாய். தீய்ந்தது ஒரு நாளும் இல்லை. இருந்தாலும் கத்துவாய்.

இந்தக் கடை உனக்குத் தோன்றியதே உன் அண்ணிக்குக் குழந்தை பிறந்த அன்றுதான். நம் ஆட்கள் பிள்ளை பிறக்கும் முன்னே ஒரு துண்டுத் துணிகூட வாங்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். பிள்ளை அழுத பிறகுதான் பத்தியத் தூள் எங்கே, பிரசவ மருந்து எங்கே, சாம்பிராணி எங்கே என்று பறப்பார்கள். அன்றைக்கு நீயும் நானும் கிள்ளான் முழுக்க வெயிலில் அலைந்தோம். ஒரு கடையில் இருந்தது இன்னொரு கடையில் இல்லை. காருக்குள் உட்கார்ந்ததும் சொன்னாய்: "முன்கூட்டி வாங்குங்கன்னு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஹாஸ்பிட்டல் வாசல்ல நின்னுக்கிட்டே வாங்குற மாதிரி ஒரு கடை போட்டுடலாம் லா."

பட்டனுக்காகக்கூட நாம் சண்டை போட்டோம். சுற்றிலும் பூ வைத்தால் அழகாக இருக்கும் என்றேன். "பதட்டத்துல இருக்கிற அப்பனுக்குப் பூவெல்லாம் கண்ணுல படாது. பட்டன் பெருசா இருக்கட்டும்" என்றாய். நீ சொன்னது சரி. இத்தனை அப்பன்மார்களில் ஒருவர்கூட எங்கே அமுக்குவது என்று கேட்டதில்லை.

அப்புறம் டிங்கி காய்ச்சல் என்று படுத்தாய். கஞ்சி கொண்டுவரட்டுமா என்று நான் அனுப்பிய மெசேஜை நீ பார்க்கவே இல்லை.

தீட்டுக் கையோடு பச்சை உடம்புக்காரிக்கு மருந்து இடிக்கக் கூடாதென்று பதினாறாம் நாள் வரை கடையை மூடியிருந்தேன். திறந்ததும் கேள்வி வந்தது. "அந்த அக்கா எங்க?" பிள்ளை பெற்ற வீட்டில் சாவுச் சேதி சொல்லக் கூடாது. நம்மிடம் வாங்குகிறவர்கள் எல்லாருமே பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள். அப்புறம் நான் யாரிடம்தான் சொல்வது? கோயிலுக்குப் போயிருக்காங்க, கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, பிரிக்பீல்ட்ஸுக்குச் சாமான் எடுக்கப் போயிருக்காங்க. உன்னை நான் அனுப்பாத இடமில்லை. கடையில் உன் பெயரும் அப்படியே இருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

அதனால்தான் நீயே செய்வது போல உன் பெயரிலேயே இந்தப் பட்டனை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று, ஆளைச் சரிபார்க்கும் ரகசிய எண்ணான டேக் நம்பரை அனுப்பியிருக்கிறோம், அதைத் தட்டுங்கள் என்றது. அனுப்பியது உன் போனுக்கு. உன் போனை உன் அண்ணன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். காசு போடாததால் நம்பர் செத்து, வேறு யாருக்கோ போய்விட்டது. வேறு வழி தெரியாமல் அந்த நம்பருக்கே அடித்தேன். என் போனில் உன் பெயர்தான் வந்தது, உன் படத்தோடு. எடுத்தது ஓர் ஆண்.

"தம்பி, உங்க போனுக்கு இப்ப ஒரு டேக் நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊரை ஏமாற்றுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானே கேட்கிறார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஊர்லேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. தெலுக் பங்லிமா காராங்ல பேக்டரி வேலை. எவன் கேட்டாலும் இதக் குடுக்காதேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

"இது என் கூட்டாளியோட நம்பர்ப்பா."

"அப்ப அவங்களையே பேசச் சொல்லுங்கக்கா."

அதில் ஒரு தப்பும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்தேன். பிறகு, "அவ இல்லப்பா, தவறிட்டா" என்றேன். நம் கடை விஷயமாக ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வீட்டில் பிள்ளை பிறந்திருக்காது என்ற தைரியம்தான்.

"அவங்க கடைதானாக்கா அது? ஆர்டர் வந்திருக்கு, ஆர்டர் வந்திருக்குன்னு தினமும் மெசேஜ் வருது. தொந்தரவா இருக்கேன்னு பிளாக் பண்ணப் போனேன். வாங்குறவங்க பேரெல்லாம் நம்ம ஊருப் பேரா இருந்துச்சு. விட்டுட்டேன்" என்றார். பிறகு நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார்.

அதைத் தட்டினேன். அத்தோடு விட்டதா பாவி? முகத்தைக் காட்டு என்றது. கடைக்காரர் முகம்தான் வேண்டுமாம். என் முகத்தைக் காட்டினேன், பொருந்தவில்லை என்றது. சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றி, பொட்டைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். வட்டத்துக்குள் நீ சரியாக உட்கார்ந்தாய். கண்ணைச் சிமிட்டவும் என்றது. படத்தைப் பிடித்துக்கொண்டு, "சிமிட்டேன்டி, ஒரு தடவை சிமிட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரிதான் நான்.

கடைசியில் அந்தப் பட்டன் கம்பெனிக்கே எழுதினேன். பதிலுக்கு வந்த பெண் நல்ல மாதிரி. வருந்துகிறோம் என்றாள். ஆனால் கடை உன் பெயரில் பதிந்தது, நீ போனதோடு அதுவும் முடிந்துவிட்டதாம். என் பெயரில் புதிதாகப் பதிந்து வரச் சொன்னாள். அதாவது ஒரு வருஷமாக இல்லாத கடையைத்தான் நான் நடத்திக்கொண்டிருந்தேன். என்ன கூத்து பார்.

புதிது கிடைப்பதற்குள் மாதம் முடிந்துவிட்டது. பச்சைப் பட்டன் சாம்பல் நிறமானது, அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசி பார்த்தா பிள்ளைகள் பிறக்கின்றன? ஒருவர் கிள்ளான் ஹாஸ்பிட்டலிலிருந்து கூப்பிட்டார். என் சொந்தக் கணக்கு நம்பரைக் கொடுத்தேன். "கடை பேர் வரலையேக்கா, பயமா இருக்கு. பரவால்ல, வேற பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். பொருளை முதலில் அனுப்புகிறேன், பணம் அப்புறம் கட்டுங்கள் என்று சொல்லத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. ஏமாற்றுக்காரி என்று நினைத்திருப்பார். கட்டி வைத்த பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் ஒரு நொடியில் முடித்திருப்பாய். இல்லையே, நான் என்னடி செய்ய?

நேற்றுப் புதுப் பட்டன் வந்துவிட்டது. வேலை செய்கிறது. அதற்கு மேலே கடைக்காரர் என்று என் பெயர் நிற்கிறது. பணம் கட்டியதும் வருகிற மாதிரி நீ இரண்டு வரி எழுதியிருந்தாயே, அது பழையதோடு போய்விட்டது. ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். அம்மாவைச் சூட்டோடு சாப்பிடச் சொல்லுங்க என்று வரும். அதற்கு முன்னே என்ன எழுதினாய் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

இன்று காலை காஜாங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, பேர் மாறியிருக்கே, அதே கடைதானா?" என்றார்.

"அதே கடைதான் தம்பி."

"முன்ன ஒரு அக்கா இருப்பாங்களே. மூத்தவன் பொறந்தப்ப பால் வரலன்னு என் வைஃப் ஒரே அழுகை. அவங்கதான் போன்ல அரை மணி நேரம் பேசி, சிரிக்க வச்சிட்டுத்தான் விட்டாங்க. எங்கக்கா அவங்க?"

அவருக்குப் பின்னால் குழந்தை அழுதது. கம்பெனிக்குச் சொன்னேன், பேக்டரித் தம்பிக்குச் சொன்னேன், இவருக்கும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றுதான் வந்தது.

"வந்தா மறக்காம சொல்லுங்கக்கா. இப்ப பொம்பளப் புள்ள. அவங்க கேட்டா சந்தோசப்படுவாங்க."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொம்பளப் புள்ளயாம்டி. தாயும் பிள்ளையும் சுகமாம்.